பாஸ்கா வரைக்கும் சீனி இல்லை

ஞானசெல்விக்குப் பாதி என்று ஒன்று கிடையாது. தரையைத் துடைத்தால் பீரோவை நகர்த்தித் துடைப்பாள். சண்டை போட்டால் எதிராளியின் கல்யாணத்தில் நடந்தது வரைக்கும் இழுத்துப் போட்டுத்தான் ஓய்வாள். அந்தமானில், குட்வில் எஸ்டேட்டில் அவள் இருக்கும் வீட்டு வரிசையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மற்றவர்கள் ஒரு தூக்கில் ரசம் கொடுத்து அனுப்புவார்கள். இவள் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து, காய்ச்சல் விட்ட பிறகுதான் எழுந்து வருவாள். நல்ல குணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தக் குணத்தைத்தான் இப்போது அவள் தன் வாயாலேயே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

தூத்துக்குடிப் பக்கம் பெரியதாழையில் பிறந்தவள். அருள்நாதனைக் கட்டிக்கொண்டு சென்னையில் கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து, போர்ட் பிளேர் ஜெட்டியில் அரை உயிராக வந்து இறங்கினாள். புதுமாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரில் இருந்த கடைக்கு ஓடிப்போய், சீனி தூக்கலாகப் போடச் சொல்லி ஒரு டீ வாங்கி வந்து நீட்டினார். அந்த டீ உள்ளே போன பிறகுதான் ஞானசெல்வி தலையை நிமிர்த்திக் கட்டிய புருஷன் முகத்தையே சரியாகப் பார்த்தாள். அன்றைக்கு முடிவு செய்துவிட்டாள், இந்த மனுஷனுக்கு வாழ்நாள் முழுக்கத் தன் கையால் இனிப்பு கொடுக்க வேண்டும் என்று.

கொடுத்தாள். குறை வைக்கவில்லை. அருள்நாதனுக்குப் போடுகிற டீயில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி பேசுவார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் மஸ்கோத் அல்வா. தேங்காய்க்குத்தான் இந்தத் தீவில் பஞ்சமில்லையே, பால் பிழிந்து, சீனியைக் கொட்டி, கை ஓயக் கிண்டி எடுப்பாள். ஊருக்கெல்லாம் துண்டு போட்டுக் கொடுத்தாலும் உருளியின் ஓரத்தில் ஒட்டிய முறுகல் அருள்நாதனுக்கு மட்டும்தான். கடலுக்குப் போய்விட்டு வந்தால் ஒரு மலை சோறு, மேலே மீன் குழம்பு, கடைசியில் சீனி போட்டுப் பிசைந்த தயிர்சோறு. தின்று முடித்து அவர் ஏப்பம் விடுவதைக் கேட்டால்தான் இவளுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

சுகர் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அது என்ன, சொல்லிக்கொண்டா வரும்? தாகம் எடுத்தது, வெயில் என்றார்கள். கால் மரத்தது, ஐஸ் பெட்டி பக்கத்திலேயே நிற்பதால் என்றார்கள். கண்டுபிடித்த நாளில் டாக்டர் மாத்திரை எழுதினார், கொஞ்ச காலத்தில் இன்சுலின் ஊசியும் எழுதினார். ஞானசெல்வி ஊசி போடக் கற்றுக்கொண்டாள். கடலுக்குப் போகும்போது மருந்துக் குப்பியைத் துணியில் சுற்றி ஒரு சின்னத் தூக்கில் வைத்து, ஐஸ் பெட்டியில் இரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி அனுப்புவாள். ஊசி போட்ட கையோடு சீனி டீயும் கொடுப்பாள். ஊசிதான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு.

ஊசி எத்தனையைத்தான் பார்த்துக்கொள்ளும்?

அருள்நாதனின் போட்டில் செருப்பு ஏறக் கூடாது. அவர் அப்பா காலத்திலிருந்து வந்த சட்டம் அது. சோறு போடுகிற பலகை, அதில் செருப்புக் காலை வைப்பதா என்பார். ஒரு நாள் களவா மீனின் முள் வெறுங்காலில் ஏறியது. ஏறியது அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது நாற்றத்தை வைத்துத்தான் ஞானசெல்வி கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் இடது காலின் சுண்டு விரலை எடுத்தார்கள். டாக்டர் பெங்காலிக்காரர், நல்ல மனுஷர். இனி இந்தக் காலில் ஒரு புண் வந்தால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். பிறகு ஞானசெல்வியைப் பார்த்து, "சாவல் ஆதா கரோ, சீனி பந்த் கரோ" என்றார். சோற்றைப் பாதியாக்கு, சீனியை நிறுத்து. மருந்து அளவை அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த அருள்நாதன் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சோறு வேண்டாம் என்றார், டீ வேண்டாம் என்றார். சாயங்காலம்தான் வாயைத் திறந்தார்.

"காலு போச்சுன்னா கடலு போச்சு செல்வி. போட்டுல நிக்க முடியாதவன் கரையில கெடந்து என்ன செய்ய? அதுக்கு என்னையப் பொதைச்சிரு."

இந்தக் கால் போகக் கூடாது. ஞானசெல்விக்கு அன்றிலிருந்து உலகத்தில் வேறு வேலையே இல்லை. அந்தக் கால், அது நிற்கிற போட், இரண்டும்தான்.

சீனி டப்பாவைக் கொல்லையில் கொட்டினாள். எறும்புக்கு ஒரு வாரம் திருவிழா. அல்வா உருளியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். டாக்டர் பாதி என்றது அவள் காதில் விழாமல் இல்லை. ஆனால் பாதிச் சோறு என்பது அவளைப் பொறுத்தவரை பாதிப் பாவம் மாதிரி. அரிசி மூட்டையையே தம்பி பீட்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பீட்டர் அவளுடைய சொந்தத் தம்பி, மச்சானோடு அதே போட்டில் போகிறவன்.

மகள் சோபியா சென்னையில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் கால் விரலை எடுத்த செய்தி கேட்டு அழுது தீர்த்தவள், மறுநாள் அம்மாவை போனில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். பேலியோ என்று அதற்குப் பெயர். அரிசி, கோதுமை, கிழங்கு, சீனி, பழம் எதுவும் கூடாது. மீன், முட்டை, கறி, வெண்ணெய், தேங்காய் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். ஞானசெல்விக்கு அதைப் படித்ததும் உச்சி குளிர்ந்துபோயிற்று. கப்பல் தாமதமானால் காய்கறிக் கடை காலியாகிற ஊர் இது. மீனுக்கும் தேங்காய்க்கும் எந்தக் கப்பலும் வர வேண்டாம். இந்தத் தீவுக்கென்றே யாரோ யோசித்து வைத்த சாப்பாடு என்று தோன்றியது அவளுக்கு.

காலையில் முட்டையும் பொரித்த பாரை மீனும், மத்தியானம் தேங்காய்ப்பாலில் சூரை மீன், ராத்திரி மறுபடியும் மீன். அருள்நாதன் தட்டைப் பார்த்து, "மீனு மட்டும் திங்கதுக்கு நான் என்ன பூனையா?" என்பார். பக்கத்து வீட்டில் உலை கொதிக்கிற வாசனை வந்தால் மூக்கை அந்தப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். ஞானசெல்வி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். அவளும் சோற்றைத் தொடவில்லை. புருஷனுக்கு இல்லாத சோறு தனக்கு எதற்கு என்றுவிட்டாள்.

பொய் சொல்லக் கூடாது, அந்தச் சாப்பாடு வேலை செய்தது. விரலைக் குத்திப் பார்க்கிற மிஷினில் முந்நூறுக்குக் கீழே இறங்காத கணக்கு சரசரவென்று இறங்கியது. தொப்பை கரைந்தது. எதைப் போட்டும் ஆறாமல் நீர் கசிந்த புண், காய்ந்து தோல் மூடியது. அருள்நாதன் மறுபடியும் கடலுக்குப் போனார். ஞானசெல்விக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் வாசலில், மீன் மார்க்கெட்டில், பஸ் ஸ்டாப்பில் யார் அகப்பட்டாலும் நிறுத்தி வைத்து வைத்தியம் சொன்னாள். தீவின் அந்தப் பக்கம் பெரார்கஞ்சிலிருந்தெல்லாம் பெண்கள் போன் போட்டு யோசனை கேட்டார்கள். பாதி கிணறு தாண்டுகிற வேலையெல்லாம் தன்னிடம் கிடையாது என்று அவர்களிடம் சொல்லிக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் தவக்காலம் வந்தது.

கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கு, பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் ஒறுத்தல் காலம். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் பீடியை விடுவார், குடிக்கிறவன் கூட பாஸ்கா வரைக்கும் பாட்டிலைத் தொடாமல் நடுங்கிக்கொண்டு திரிவான். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வெளியே வந்த ஞானசெல்வி, வீட்டுக்குப் போகாமல் நேராக ஜெட்டிக்கு நடந்தாள். போட்டில் நான்கு பேரும் இருந்தார்கள். அருள்நாதன், பீட்டர், ஒரு தெலுங்குக்காரர், ஒரு ராஞ்சிக்காரர். செருப்பைக் கரையில் விட்டு ஏறினாள். என்ஜின் அறையில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தின் மேல் நான்கு பேரையும் கை வைக்கச் சொன்னாள். பாஸ்கா வரைக்கும் இந்தப் போட்டில் சீனி ஏறக் கூடாது, இது நேர்ச்சை, அந்தக் காலுக்காக என்றாள். பிறகு தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவரு கேட்டாலும் குடுக்காத. அழுதாலும் குடுக்காத. கேட்டியா?"

பீட்டர் சரிக்கா என்றான். தெலுங்குக்காரருக்கு மாதாவும் அந்தோணியாரும் அப்படியொன்றும் நெருக்கம் இல்லை. ஆனாலும் அருள்நாதனுக்காக, அக்கா, நாங்களும் தொட மாட்டோம் என்று இந்தியில் சொல்லி, இருந்த சீனிப் பொட்டலத்தையும் பிஸ்கட்டையும் தன் கையாலேயே எடுத்துக் கரையில் வைத்தார். நான்கு ஆண்கள் ஒரு மனுஷனின் காலுக்காக நாற்பது நாள் கறுப்பு டீயைக் கசக்கக் கசக்கக் குடித்தார்கள். இப்படிப்பட்ட அன்பு யாருக்குக் கிடைக்கும்? ஞானசெல்வி அன்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள், சந்தோஷத்தில்.

தவக்காலம் பாதி கடந்தபோது சோபியா போனில் ஒரு விஷயம் சொன்னாள். அந்தக் குழுவிலேயே போட்டிருந்ததுதான். ஞானசெல்வியும் படித்திருந்தாள், படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தாள்.

"அம்மா, சோறு திங்க ஆளுக்கு எழுதுன ஊசிம்மா அது. இப்ப அப்பா சோறே திங்கல. டாக்டர்ட்ட போயி ஊசியக் கொறைக்கச் சொல்லு."

ஞானசெல்விக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நல்லபடியாக வருகிற நேரத்தில் மருந்தைக் குறைப்பதாவது. சாப்பாடும் நல்லது, ஊசியும் நல்லது, இரண்டு நல்லதும் சேர்ந்தால் கெட்டதா ஆகிவிடும் என்று மகளை மடக்கினாள். டாக்டரிடம் போகத்தான் போகிறாள், போகாமலா? பாஸ்கா முடிந்த திங்கட்கிழமை அருள்நாதனுக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிப்போய், டாக்டர் முன்னால் இரண்டு காலையும் நீட்டச் சொல்ல வேண்டும். அந்த மனுஷர் வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் இது பாதி வேலை. பாதியில் போய்க் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

உடம்பு சொல்லாமல் இல்லை. காலையில் ஊசி போட்டு, மீன் பொரிந்து தட்டுக்கு வருவதற்குள் அருள்நாதனுக்குக் கை நடுங்கும், சட்டை நனைய வியர்க்கும். காரணமே இல்லாமல் எரிந்து விழுவார். ஒரு நாள் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். ஞானசெல்வி குழுவில் தேடிப் பார்த்தாள். சோற்றையும் சீனியையும் விட்டவர்களுக்கு உடம்பு பழகும் வரைக்கும் நடுக்கமும் தலைவலியும் இருக்கும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டாள். சீனிப் பேய் இறங்கும்போது ஆட்டிவிட்டுத்தான் போகும் என்று சொல்லி, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாள். மீன் உள்ளே போனதும் ஒரு மாதிரி தெளிந்துவிடுவார். பிறகு இருவரும் மறந்துவிடுவார்கள்.

பாஸ்காவுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறுக்குள் திரும்பிவிடுவது என்று கடைசித் தடவையாகப் போனார்கள். புனித வாரத்தில் கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. அவள் மருந்துத் தூக்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். பொரித்த மீனும் அவித்த முட்டையும் ஒரு டப்பா நிறையக் கட்டிக் கொடுத்தாள். அருள்நாதன் போட்டில் ஏறியபோது வெறுங்காலைத் தூக்கி, ஆறிப்போன இடத்தை அவளுக்குக் காட்டி, பார்த்துக்கொள் என்பது போல் ஆட்டினார். ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு அந்தக் குறும்பு. அவள் கரையில் நின்று சிரித்தாள்.

சொன்ன நாளுக்கு முன்னாலேயே போட் திரும்பியது. ஜெட்டியிலிருந்து யாரோ ஓடிவந்து சொல்லி, இவள் ஓடிப்போனபோது அருள்நாதனைப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சு இருந்தது, குறட்டை மாதிரி. கைலி நனைந்திருந்தது. பீட்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம் மயங்கிட்டாருக்கா, எழுப்பி எழுப்பிப் பார்த்தோம் என்று மட்டும் சொன்னான். மத்தியானம் மயங்கியவரைக் கரை சேர்க்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் சீனித் தண்ணீரைத்தான் ஏற்றினார்கள். இத்தனை நாளாக அவள் விரட்டி விரட்டி அடித்த அதே சீனியை. அது இரத்தத்தில் ஏறியது, கணக்கு சரியானது, ஆள் மட்டும் விழிக்கவில்லை. டாக்டர் அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன சாப்பிட்டார், எவ்வளவு ஊசி போட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். சோறே இல்லையா என்றார். இல்லை என்றாள். ஊசி முழுசுமா என்றார். முழுசும் என்றாள். உடம்பில் சீனி இல்லாமல் ரொம்ப நேரம் கிடந்தால் மூளை பட்டுப்போகும் என்று மெதுவாக விளக்கினார். எழுந்து போகும்போது, "மைனே தோ ஆதா போலா தா" என்றார். பாதி என்றுதானே சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பாஸ்கா பூசைக்கு மணி அடித்தபோது ஞானசெல்வி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். அருள்நாதன் கண் திறந்தது அதற்கும் பிறகு. திறந்த கண்ணில் யாரையும் தெரியவில்லை. சோபியா விமானத்தில் வந்து அப்பா அப்பா என்று கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவர் அந்தக் கையை ஏதோ கயிறு என்று நினைத்தாரோ என்னவோ, இழுத்து இழுத்து விட்டார். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனாலும் இதற்கு மேல் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சோபியா லீவு முடிந்து போனாள்.

கால்? கால் நன்றாக இருக்கிறது. இரண்டு பாதமும் புண் இல்லாமல், தோல் வழுவழுவென்று இருக்கிறது. நடக்கத்தான் தெரியவில்லை. போட்டை விற்றாகிவிட்டது. பீட்டர் வேறு ஆளிடம் வேலைக்குப் போகிறான்.

இப்போது டாக்டர் ஊசியைக் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். சோறும் உண்டு, பாதி. ஒரே ஒரு எச்சரிக்கை. ஒழுங்காகச் சாப்பிடாமல் மறுபடியும் சீனி இறங்கினால் மிச்சம் இருப்பதும் போய்விடும். வியர்த்தால், நடுங்கினால், உடனே வாயில் இனிப்பு போக வேண்டும். ஞானசெல்வி கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வந்து, பழைய டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொட்டிவைத்தாள்.

முதல் தடவை அவருக்கு வியர்த்தபோது அவசர அவசரமாக டீ ஆற்றி, பழையபடி கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும்படி சீனி போட்டு, வாயருகே கொண்டுபோனாள். அருள்நாதன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். தலையை அந்தப் பக்கம் திருப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு வார்த்தை பேசாத மனுஷன், தெளிவாகச் சொன்னார்.

"பாஸ்கா வரட்டும்."

ஞானசெல்விக்கு மயிர்க்கூச்செறிந்தது. மகளை மறந்தாயிற்று, மனைவியை மறந்தாயிற்று, தன் பெயரையே மறந்தாயிற்று. நேர்ச்சை மட்டும் மறக்கவில்லையா? எப்படியோ கெஞ்சி, கன்னத்துக்குள் விட்டு, அன்றைக்குக் குடிக்க வைத்தாள். பிறகு போய் மாதா படத்தின் முன் விழுந்து அழுதாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைதான். வேறு வார்த்தை இல்லை. அவள் அதைக் கோயிலில் சொன்னாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோயில் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், புத்தி போனாலும் விசுவாசம் போகாத ஒரு மனிதர் நம் பங்குக் கோயிலில் இருக்கிறார் என்று சொன்னார். ஜனங்கள் வந்து அருள்நாதன் கையில் முத்தமிட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு அது ஒன்றுதான் பிடிமானம். தன்னால் இப்படி ஆகிவிட்டது, ஆனாலும் அந்த மனுஷன் உள்ளே எங்கோ ஆண்டவரோடு இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தினாள்.

அந்தப் பிரசங்கத்தைக் கேட்ட பீட்டர் பூசை முடியும் முன்பே எழுந்து போய்விட்டான். மத்தியானம் அக்கா வீட்டுக்கு வந்தான். ஞானசெல்வி அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்தான்.

"அது மச்சான் வார்த்தை இல்லக்கா. என் வார்த்தை."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. அன்று காலையில் மீன் நல்ல கடி. ஊசி போட்ட கையோடு அருள்நாதன் தூண்டிலைப் பிடித்தவர், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. களவா ஒன்றின் பின் ஒன்றாக ஏறியது. உச்சி வெயிலில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை தூண்டிலை விட்டது. சீனி கேட்டார். ஒரு வாய் சீனி கொடுங்கடா என்று கேட்டார். பீட்டர் சிரித்தான், நேர்ச்சையை ஞாபகப்படுத்தினான். அவர் வாயில் வராத கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினார். தம்பி என்றுதான் கூப்பிடுவாரே தவிர, டேய் என்று ஒரு நாள் கூப்பிட்டதில்லை அந்த மனுஷன். பிறகு அழுதார். பெரிய ஆள், பலகையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி சீனி சீனி என்று அழுதார்.

பீட்டருக்கு மனசு கரைந்தது. ஆனால் அவனுக்குத் தோன்றியது வேறு. ஆண்டவரே நாற்பது நாள் உபவாசம் இருந்தபோது கடைசியில்தானே சாத்தான் வந்து சோதித்தான்? இதுவும் கடைசி நாட்கள்தான். இது சோதனை, மச்சான் இதில் தோற்றால் கால் போய்விடும் என்று நினைத்துவிட்டான். தோளைப் பிடித்து உட்காரவைத்து, அவர் கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னான். பாஸ்கா வரட்டும் மச்சான், பாஸ்கா வரட்டும், நானே ஊட்டுகிறேன். சொல்லிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவர் அடங்கினார். வலைக் குவியலில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஜெயித்துவிட்டார் என்று பீட்டர் சிலுவை போட்டுக்கொண்டான். தூங்கட்டும் என்று விட்டுவிட்டு மீன் பிடித்தார்கள்.

குறட்டைச் சத்தம் மாறியபோதுதான் பயம் வந்தது. பீட்டர் சமையல் சாமான் வைக்கிற அடுக்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினான். ஒரு மணி சீனி இல்லை, ஒரு துண்டு பிஸ்கட் இல்லை. தங்களுக்கு வைத்திருந்த சோற்றைக் கரைத்து வாயில் விட்டார்கள், கடைவாய் வழியாக வழிந்தது. அப்புறம்தான் என்ஜினைத் திருப்பினார்கள்.

"அவரு கேட்டாருக்கா. அழுது அழுது கேட்டாரு. நாந்தான் குடுக்கல."

ஞானசெல்வி கையில் இருந்த முட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள். தம்பியை அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான் போலிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டான். அவளால் அவனைத் தொடக்கூட முடியவில்லை. ஜெட்டியில் சாம்பல் நெற்றியோடு நின்ற நாள் அவள் கண் முன்னால் வந்து நின்றது.

"நீ என்னடே செய்வ. அழுதாலும் குடுக்காதன்னு சொன்னவ நாந்தான."

அவன் எழுந்து போன பிறகும் அவள் அடுப்படியிலேயே இருந்தாள். பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடிமானமும் போய்விட்டது. அவர் விசுவாசத்தில் சொல்லவில்லை. ஆண்டவரோடும் இல்லை. அவர் இன்னும் அந்தப் போட்டில்தான் இருக்கிறார், உச்சி வெயிலில், ஒரு வாய் சீனிக்கு அழுதுகொண்டு, கிடையாது கிடையாது என்று கேட்டுக்கொண்டு. அங்கேயிருந்து அவரை யாரும் இறக்கப்போவதில்லை.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. போய்ப் பார்த்தாள். அருள்நாதனின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கை நடுங்கியது. மத்தியானச் சாப்பாடு தம்பியின் பேச்சில் தாமதமாகிவிட்டிருந்தது. அவள் ஓடிப்போய் டம்ளரில் சீனியைக் கொட்டிக் கலக்கி எடுத்துவந்து, அவர் தலையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டாள்.

"பாஸ்கா வரட்டும்" என்றார் அவர், உதட்டை மூடிக்கொண்டு.

"பாஸ்கா வந்துட்டுங்க. எப்பவோ வந்துட்டு. நாந்தான் சொல்லுதேன், குடிங்க."

அவர் நம்பவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவள் டம்ளர் அடியில் கரையாமல் கிடந்த சீனியை ஈர விரலில் தொட்டு, பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில் பலவந்தமாகத் தள்ளினாள். அவர் விரலைக் கடித்தார். அவள் எடுக்கவில்லை. இன்னும் தொட்டாள், இன்னும் தள்ளினாள். முப்பது வருஷம் அவள் கையால் இனிப்பு வாங்கித் தின்ற வாய் அது. அந்த மனுஷன் கண்ணில் நீர் வழிய அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்து பார்க்கவில்லை. சோதிக்க வந்தவளைப் பார்க்கிற பார்வை அது, பயத்தோடு, வெறுப்போடு. சீனி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உள்ளே இறங்கியது. நடுக்கம் நின்றது. ஞானசெல்வி விரலில் இருந்த இரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பாதிச் சோறு எடுத்துவர எழுந்தாள்.